காங்கயம் வகையறா குரூப்பில் மஞ்சள் பஞ்சாயத்து

கோகிலா அத்தை (ஃபார்வர்டு செய்தது): ⚠️ எச்சரிக்கை!! மஞ்சள் தூளில் ஈயம்!! அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் நிரூபணம். ஈரோட்டு மஞ்சளை உடனே குப்பையில் போடவும். 10 பேருக்குப் பகிரவும்.

கோகிலா அத்தை: மணி, கெடா விருந்துக்கு மஞ்சத்தூள் வாங்கிட்டயா

மணி சித்தப்பா: ரெண்டு கிலோ. பாக்கெட்டு. காசு குடுத்தாச்சு

கார்த்தி: கெடாய்க்கு முன்னாடி நாம போயிருவோம் போல 😄

சரசு பெரியம்மா: வாயக் கழுவுடா. சாமி காரியம்

செல்வராசு பெரியப்பா: கோகிலா, இது பாதி நெசம் பாதி பொய். ஆராய்ச்சி நடந்தது ஈரோட்ல இல்ல, பங்களாதேஷ்ல. ஸ்டான்போர்டு ஆளுகளும் டாக்கா ஆளுகளும் ஒட்டுக்கா செஞ்சது, 2019ல வெளிவந்துச்சு. அங்க கர்ப்பிணிப் பொம்பளைங்க ரத்தத்துல ஈயம் எச்சா இருந்துச்சு. எதுலிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஐசோடோப்பு விகிதம் பாத்தாங்க. ஈயம் எல்லாமே ஈயந்தான், ஆனா 206, 207, 208னு எடை வேற வேறயா அணுக்கள் கலந்திருக்கும். அந்தக் கலவை சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். ரத்தத்துல இருந்த கலவையும் மஞ்சள்ல இருந்த கலவையும் ஒத்துப்போச்சு.

சரசு பெரியம்மா: காப்பி ஆறுது

செல்வராசு பெரியப்பா: இரு. மஞ்சச் செடி ஈயத்தை உறிஞ்சலை. வெரலிக்கு, அதான் அரைக்காத முழு மஞ்சளுக்கு, பளபளப்பு ஏத்த லெட் குரோமேட்டைப் பூசியிருக்காங்க. பெயிண்ட்ல போடற மஞ்ச நிறமி அது, ஈயமும் குரோமியமும் சேந்தது. 1980கள்ல பெரிய வெள்ளம் வந்து, காய வெக்க முடியாம கெழங்கு மங்கிப்போச்சு, அப்பத் தொடங்குன பழக்கம்னு யாவாரிகளே சொல்லியிருக்காங்க. நிறமிதான்னு எப்படி உறுதியாச்சுன்னா, ஈயமும் குரோமியமும் அணுவுக்கு அணு சமமா இருந்துச்சு. மண்ணுல இருந்து வந்திருந்தா அப்படிச் சமமா நிக்காது.

கார்த்தி: அப்ப நம்மூரு மஞ்சள் தப்பிச்சுதுங்களா

செல்வராசு பெரியப்பா: அப்படியும் சொல்ல முடியாது. 2024ல இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம்னு பல ஊர்ச் சந்தைல எடுத்துப் பாத்தாங்க. பாட்னால கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல போச்சு. நம்ம நாட்டு வரம்பு 10. ஆனா இதுல எங்கயும் ஈரோட்டு மஞ்சளைக் குப்பைல போடச் சொல்லலை. அது ஃபார்வர்டுகாரன் சேத்துனது.

கோகிலா அத்தை: எனக்கு வந்துச்சு அனுப்புனேன்

மணி சித்தப்பா: தண்ணில போட்டா தெரியும்னாங்களே

செல்வராசு பெரியப்பா: தூளுக்கு அது ஆகாது மணி. லெட் குரோமேட் தண்ணில கரையாது, மஞ்சத்தூளோட சேந்து அடில உக்காந்துக்கும். தண்ணி உடனே கெட்டியா மஞ்சளாச்சுன்னா அது சாயக் கலப்படம், வேற கதை. ஆசிட் விட்டுப் பாக்கறதும் மெட்டானில் எல்லோங்கற சாயத்துக்குத்தான். அதுலயும் சுத்தமான மஞ்சளே ஆசிட்ல செவக்கும், தண்ணி ஊத்துனா செவப்பு போயிரும். போகாம ரோஸ் கலரா நின்னாத்தான் சாயம். இது தெரியாம நல்ல மஞ்சளைக் கொட்டுனவங்க நெறைய. ஈயத்துக்கு லேப்தான் வழி.

மணி சித்தப்பா: அப்ப என்ன பண்றதுங்கணா, சொல்லுங்க

செல்வராசு பெரியப்பா: பாலிஷ் போடாத வெரலி வாங்கு. கண்ணாடி டம்ளர் தண்ணில நாலஞ்சு போட்டு வை. பூச்சு இருந்தா போட்ட உடனே நிறம் எறங்கும். ஒடச்சா உள்ள ஆரஞ்சு, வெளிய மண்ணு ஒட்டுன மாதிரி மங்கலா இருக்கோணும். வெளிய உள்ளதைவிடப் பளிச்சுனு இருந்தா வேண்டாம். மில்லுல அரைக்கறப்ப மொதல்ல ஒரு படி அரிசியப் போட்டு ஓட்டி அந்த மாவை வெளிய தள்ளச் சொல்லு, முந்தி அரைச்சவனோட தூள் உள்ள தங்கியிருக்கும்.

மணி சித்தப்பா: பாக்கெட்டுக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்

கார்த்தி: போன நோம்பிக் கணக்குலயே சித்தப்பாவுக்கு பாக்கி நிக்குது

சரசு பெரியம்மா: அத இங்க எழுதாதே

மணி சித்தப்பா: எழுதட்டும். யாரு குடுக்கலைன்னு எல்லாருக்கும் தெரியும்

நந்தினி: மணி சித்தப்பா, பந்தலுக்குத் தென்னோலை பொள்ளாச்சித் தோட்டத்துல இருந்தா கொண்டு வர்றீங்க?

மணி சித்தப்பா: ஆமா கண்ணு. ரெண்டு டெம்போ

நந்தினி: வெள்ளை ஈ இருக்குதுங்களா? ஓலைக்கு அடிப்பக்கம் பாத்துச் சொல்லுங்க

மணி சித்தப்பா: இல்லாம இருக்குமா. மருந்து அடிச்சேன், மறுபடி வந்துருச்சு

நந்தினி: அடிச்சதாலதான் சித்தப்பா வந்துச்சு. சுருள் வெள்ளை ஈ இந்தியாவுலயே மொதல்ல 2016ல நம்ம பொள்ளாச்சிலதான் பதிவாச்சு, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. அதைத் தின்னு வளர்ற என்கார்சியாங்கற குட்டிக் குளவியும் இங்க தானாவே வந்து பெருகுது. பூச்சிமருந்துல குளவி மொதல்ல சாகும். ஈ ஓலைக்கு அடில மெழுகுக்குள்ள தப்பிச்சுக்கும்.

நந்தினி: ஓலை அடில லென்சு வெச்சுப் பாருங்க. ஈயோட கூட்டுப்புழு வெளுப்பா இருந்தா குளவி இன்னும் வரலை. கருப்பா இருந்தா உள்ள குளவி வளருது. கருப்புல உருண்டையா ஒரு ஓட்டை இருந்தா குளவி வெளிய போயிருச்சு.

கார்த்தி: அம்மணி, பந்தலுக்கு ஓலை உண்டா இல்லியா

நந்தினி: வெளுப்பா இருக்கற ஓலை காங்கயத்துக்கு வரவே கூடாது. கருப்பு நெறைய இருந்தா அந்த ஓலைத் துண்டை புதுசா ஈ விழுந்த மரத்துல கட்டறதே வழக்கம், குளவி பரவும். ஈ வந்து ஒட்டிக்க மஞ்ச அட்டை அஞ்சடிக்கு ஒன்றரையடி, வெளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு எட்டு கட்டுங்க. கீழ் ஓலைல கரி மாதிரி படிஞ்ச பூஞ்சைக்கு மைதா பசை, லிட்டருக்கு 25 கிராம். காஞ்சா செதிலா உரிஞ்சு விழும்.

மணி சித்தப்பா: மைதாவுக்கு யாரு காசு

தங்கவேல் மாமா: சாமியானா போட்டுருங்க. ஓலைப் பேச்சே வேண்டாம்

சரசு பெரியம்மா: குலசாமிக்கு சாமியானாவா 🙏

மணி சித்தப்பா: பிரவீனு இருக்கியா. மயிலை மாடு முன்னங்கால் நொண்டுது. கடைல ஊசிமருந்து ஒண்ணு குடுத்தான்

டாக்டர் பிரவீன்: பேரு என்னனு பாருங்க

மணி சித்தப்பா: அசிக்ளோஃபினாக்

டாக்டர் பிரவீன்: போட்றாதீங்க. மாட்டுக்கு அது 2023லயே தடை, கீட்டோப்ரோஃபென்னும் தான். அசிக்ளோஃபினாக் மாட்டு ஒடம்புல டைக்ளோஃபினாக்குங்கற வலிமருந்தா மாறிரும்

மணி சித்தப்பா: மாட்டுக்கு ஆகாதா

டாக்டர் பிரவீன்: மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. மாடு செத்தா அதைத் தின்னற பாறுக்கழுகுக்குத்தான். கிட்னி நின்னு யூரிக் ஆசிட் உப்பு ஈரல் மேலயும் இருதயத்து மேலயும் வெள்ளையாப் படிஞ்சு சாகும். பாகிஸ்தான்ல செத்த கழுகுகளை அறுத்துப் பாத்து 2004ல கண்டுபிடிச்சாங்க. மருந்து இருக்கற செத்த மாடு நூத்துல ஒண்ணுக்கும் கம்மியா இருந்தாலே போதும், ஒரே மாட்டுல ஒரு கூட்டமே உக்கார்றதால மொத்தமும் போகும். வெண்முதுகுப் பாறு நூத்துக்குத் தொண்ணூத்தொம்போதுக்கு மேல அழிஞ்சுச்சு. இப்ப நம்ம பக்கம் மோயாறு பள்ளத்தாக்குலதான் மிச்சம்.

கார்த்தி: கழுகுக்காக மாடு நொண்டோணுமா டாக்டரே

டாக்டர் பிரவீன்: 2024ல ரெண்டு பொருளாதாரக்காரங்க கணக்குப் போட்டாங்க. கழுகு வாழத் தோதான மாவட்டத்தையும் தோதில்லாத மாவட்டத்தையும் வெச்சுப் பாத்தா, 2000ல இருந்து 2005 வரைக்கும் சுமார் அஞ்சு லட்சம் மனுசங்க எச்சாச் செத்திருக்காங்க. செத்த மாட்டைத் தின்ன ஆளில்லாம தெருநாய் பெருகி வெறிநாய்க்கடி, தண்ணி கெட்டது.

டாக்டர் பிரவீன்: மெலாக்சிகாம் போடலாம், கழுகுக்கு ஆபத்தில்ல. கிலோவுக்கு அரை மில்லிகிராம். மயிலை 300 கிலோன்னா 150 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் மருந்துன்னா 30 மில்லி, தோலுக்கடில ரெண்டு மூணு எடமாப் பிரிச்சு, ஒரே தடவை. அஞ்சு நாள் பாலை சொசைட்டிக்கு ஊத்தாதீங்க. அதுக்கு முன்னாடி குளம்பைத் தூக்கிப் பாருங்க, முள்ளோ கல்லோ இருந்தா ஊசியே வேண்டாம். நான் பொழுதோட வாரேன்

மணி சித்தப்பா: அஞ்சு நாள் பாலா 😶

தங்கவேல் மாமா: எல்லாரும் வர்றதால சொல்றேன். விருந்து முடிஞ்சு கொடுமணல் பாத்துட்டு வரலாம். சென்னிமலை தாண்டி நொய்யல் கரை. படியூர் பச்சைக்கல் மணி, இரும்பு உருக்குன உலை, எல்லாம் தோண்டி எடுத்த எடம்

கார்த்தி: 5300 வருசத்து இரும்பு அங்கதானுங்களே மாமா

தங்கவேல் மாமா: அது தூத்துக்குடி சிவகளை. கி.மு. 3345, அறிக்கை வந்தது 2025 சனவரி. நம்ம பக்கம்னா கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை, கி.மு. 2172. இன்னொண்ணு, காலம் பாக்கறது பெரும்பாலும் இரும்பை இல்ல, கூட இருந்த கரியை. நூறு வருசத்து மரக்கட்டைய எரிச்சிருந்தா கரி நூறு வருசம் முந்தியே காட்டும். அதனாலதான் கரியும் இரும்பும் ஒரே தாழிக்குள்ள இருந்தது தானா, பானைச் சில்லு சுட்ட காலத்தை ஒளிய வெச்சுக் கணிச்சதும் ஒத்துப்போகுதான்னு பாக்கோணும்

செல்வராசு பெரியப்பா: சரியாச் சொன்னீங்க மாப்ளே. நெல்லா இருந்தா அந்தச் சிக்கல் இல்ல, ஒரு வருசப் பயிர். பழனிப் பக்கம் பொருந்தல்ங்கற ஊர்ல தோண்டி எடுத்த நெல்லை வெச்சுத்தான் கி.மு. 490னு காலம் சொன்னாங்க

சரசு பெரியம்மா: ரெண்டு பேரும் போன்ல பேசிக்குங்க

கோகிலா அத்தை: மஞ்சள் என்ன ஆச்சு

நந்தினி: வெரலி

மணி சித்தப்பா: பாக்கெட்டு வாங்குனது வாங்குனதுதான். ரெண்டையும் கலந்துக்கலாம்

செல்வராசு பெரியப்பா: கலந்தா எதுக்கு இவ்வளவு சொன்னேன்

மணி சித்தப்பா: அந்தக் காசை நீங்களே குடுத்துருங்கணா

செல்வராசு பெரியப்பா: 👆 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: நான் பாத்துட்டேன் 😂

கோகிலா அத்தை: வேன் எத்தன மணிக்கு? எங்கூட்டுல இருந்து ஒறம்பரை ஆறு பேரு