பீச் ஜாம் கெட்டிப்படவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: பீச் 1 கிலோ, சர்க்கரை 500 கிராம். அரை மணி நேரம் கொதித்தும், ஆறியபின் பாகு மாதிரி ஓடுகிறது. பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கும் பழச்சத்து) பொடி இல்லாமல் சரிசெய்ய முடியுமா?

பதில் 1: எலுமிச்சை சேர்த்தீர்களா? பீச்சில் பெக்டினும் குறைவு, புளிப்பும் குறைவு. கொட்டை நீக்கிய சதை 1 கிலோவுக்குச் சர்க்கரை 750 கிராம், 2 எலுமிச்சைச் சாறு வேண்டும். கால் பங்கு செங்காயாக இருக்கட்டும், பெக்டின் அதில்தான் அதிகம். இப்போது இருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். போதாமல் போன சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து மறுபடி கொதிக்க விடுங்கள்.

பதில் 2: பாத்திரம் முக்கியம். குறுகலான குக்கரில் நீர் சீக்கிரம் வற்றாது. வாய் அகன்ற, அடி கனமான உருளியோ கடாயோ எடுங்கள். பழம் குழைந்தபின் சர்க்கரை போட்டு, அது முழுக்கக் கரையும்வரை சிறு தீ, பிறகு பெருந்தீ. கரையாமல் கொதித்தால் பின்னால் சர்க்கரை கற்கண்டு போலப் பூத்துவிடும். பதம் பார்க்க, ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, 1 நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் உடனே இறக்குங்கள்.

பதில் 3: தெர்மாமீட்டர் இருந்தால் 104–105 டிகிரி செல்சியஸ். கொடைக்கானலில் செய்தால் இந்தக் கணக்கு ஆகாது. அங்கே தண்ணீரே சுமார் 93-ல் கொதிப்பதால், 98-லேயே பதம் வந்துவிடும்; 105 வரை காத்திருந்தால் மிட்டாய் போல இறுகிவிடும்.