நாலு வாய்க்கால் வெட்டினேன், தண்ணீர் கூடவில்லை

அம்மாபேட்டையான்:
சேலத்தில் ஒரு நூல் மில்லின் ஐபிஎம் பவர்5 சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். நாலு பிராசஸர், மூன்று எல்பார் (ஒரே மெஷினைப் பிரித்து உண்டாக்கிய தனித்தனி சர்வர்கள்). கணக்கு எல்பாருக்கு 0.8 பிராசஸர் பங்கு, விர்ச்சுவல் பிராசஸர் (அந்த எல்பார் கண்ணுக்குத் தெரியும் பிராசஸர்) 2, அதுவும் கேப்டு, அதாவது பங்குக்கு மேல் எடுக்க முடியாது. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடினால் நத்தை தோற்றுவிடும்.

நான் எச்எம்சியில் (மெஷினை நிர்வகிக்கும் கன்சோல்) விர்ச்சுவல் பிராசஸரை 4 ஆக்கினேன். டிஎல்பார் (ஓடும்போதே மாற்றும் வசதி) என்பதால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. எல்பாரில் ஓடிய இயங்குதளமான ஏஐஎக்ஸும் உடனே கூடுதலாகக் காட்டியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தால், அதே நத்தை.

எங்கள் சீனியர் அண்ணன் அன்று குடும்பத்தோடு ஏற்காட்டில். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வந்தது.

"தம்பி, எல்பார்ஸ்டாட் கமாண்ட்ல என்ட்சி எவ்வளவு?"

"நூறுலயே நிக்குதுங்கண்ணா." பங்கில் நூறு சதவீதமும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"உங்க சித்தப்பா கூட்டுக் கிணத்துல பங்கு வெச்சிருக்காருல்ல? அவரோட முறை அதே அளவுதான். வாய்க்காலை நாலா வெட்டினா தண்ணி கூடுமா?"

அப்புறம்தான் உறைத்தது. எல்பார்களுக்குப் பிராசஸரைப் பங்கிடும் ஹைப்பர்வைசர் 10 மில்லிசெகண்ட் சுற்றாக நேரத்தைப் பிரிக்கிறது. 0.8 என்றால் சுற்றுக்கு 8 மில்லிசெகண்ட். முன்பு ஒவ்வொரு விர்ச்சுவல் பிராசஸருக்கும் 4 கிடைத்தது, நான் வெட்டிய பிறகு ஆளுக்கு 2. அவ்வளவுதான் என் சாதனை. பக்கத்து இரண்டு எல்பாரும் ராத்திரி சும்மா கிடந்தாலும், கேப்டு என்றால் அந்த மிச்சத்தைத் தொட முடியாது.

அன்கேப்டு ஆக்கினோம், அதாவது மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். வெயிட் (மிச்சத்துக்குப் போட்டி வந்தால் யாருக்கு எவ்வளவு என்ற எண்) வழக்கமான 128ஐ மாற்றவில்லை. ஃபிஸ்சி (உண்மையில் பயன்படுத்தும் பிராசஸர் அளவு) 2ஐத் தாண்டிப் போனது. வேடிக்கை என்னவென்றால், ஒரு விர்ச்சுவல் பிராசஸர் ஒரு முழு பிராசஸருக்கு மேல் எடுக்காது. பழைய இரண்டே இருந்திருந்தால் 2ல் முட்டி நின்றிருக்கும். நான் அவசரத்தில் வெட்டிய வாய்க்காலுக்கு அப்போதுதான் வேலை வந்தது. அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

ஜங்ஷன் பக்கம்:
நாங்கள் எச்பியின் எச்பி-யூஎக்ஸ் இயங்குதள ஆட்கள், எல்பாருக்குப் பதில் விபார். அங்கே 0.8 கதையெல்லாம் கிடையாது, முழு பிராசஸர்தான் கைமாறும். பழைய பதிப்பில் பவுண்ட், அன்பவுண்ட் என இரண்டு ரகம். அன்பவுண்டை ஓடும்போதே பிடுங்கி அடுத்த பார்ட்டிஷனுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஐ/ஓ இன்டரப்டை (டிஸ்க், நெட்வொர்க்கிலிருந்து வரும் அழைப்பு) அது தொடாது, பவுண்ட்தான் பார்க்கும். டிஸ்க்கைப் போட்டு அடிக்கும் வேலைக்கு மூன்று அன்பவுண்ட் தூக்கிக் கொடுத்துவிட்டு, இருந்த ஒரே பவுண்ட் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த புத்திசாலி நான்தான்.

குகைக்காரன்:
என் கதை சின்னது. எல்பாரின் புரொஃபைலில் (எச்எம்சியில் இருக்கும் அமைப்புப் பட்டியல்) பிராசஸர் மேக்ஸிமம் 2 என்று யாரோ போட்டு வைத்திருந்தார்கள் (சரி, நான்தான்). டிஎல்பாரில் 3 கேட்டால் மறுத்துவிட்டது. புரொஃபைலைத் திருத்தி ரீபூட் அடித்தேன், அப்போதும் மறுத்தது. முழுதாக ஷட்டவுன் செய்து, புரொஃபைலிலிருந்து ஆக்டிவேட் செய்தால்தான் புது மேக்ஸிமம் ஏறும். அதற்கு டவுன்டைம் கிடைத்தது ஆடிப் பண்டிகையில். தெருவில் வண்டி வேடிக்கை ஊர்வலம் போகிறது, நான் ஏசி ரூமில் கன்சோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.