காசநோய்க் கிருமியின் லிப்பிடு நிறமாலையில் 44 அலகு இடைவெளியில் வரும் உச்சங்கள் எதனுடையவை?

கேள்வி

வணக்கம். வீரியம் இழந்த ஹெச்37ஆர்ஏ என்ற காசநோய்க் கிருமி வகையைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, குளோரோஃபார்மும் மெத்தனாலும் 2:1 அளவில் கலந்த கரைப்பானால் லிப்பிடுகளை, அதாவது கொழுப்பு வகைப் பொருள்களை, பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை மின்னூட்டி அவற்றின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் செலுத்தினேன். நேர் அயனி முறையில் 44.03 அலகு இடைவெளியில் வரிசையாக எழும் உச்சங்கள் மற்ற அனைத்தையும் அமுக்கிவிடுகின்றன. எதிர் அயனி முறையில் 281.25 இல் வருவதே மிகப் பெரிய உச்சம். 851.56 இலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் 1100க்கும் 1300க்கும் இடையில் நான் எதிர்பார்த்த மைகோலிக் அமிலங்களும் (கிருமிச் சுவரின் நீளமான கொழுப்பமிலங்கள்), 2400க்கு மேல் எதிர்பார்த்த சல்ஃபோலிப்பிடும் (சல்ஃபேட் கொண்ட லிப்பிடு) கிட்டத்தட்ட இல்லை. கிருமிகள் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஊடகத்தில் சோப்புப் போன்ற ட்வீன் 80 சேர்த்திருந்தேன். அறுவடை செய்தபின் இருமுறை நீரால் கழுவினேன். தவறு பிரித்தெடுப்பிலா, கருவியிலா?

மறுமொழி

கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது தன்னிடம் வந்ததை உள்ளபடியே காட்டியிருக்கிறது. 44.026 என்பது இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் சேர்ந்த ஆக்சிஎத்திலீன் அலகின் நிறை. ட்வீன் 80 இன் மூலக்கூறு இத்தகைய அலகுகள் பல கோத்த சங்கிலி என்பதால், சங்கிலியின் நீளம் மாறும் ஒவ்வொரு படிக்கும் ஓர் உச்சம் எழுகிறது. அதே பொருளில் ஒலியிக் அமிலமும் இணைந்திருக்கிறது, 281.25 அதன் அயனி. கிருமியின் புறச்சுவர் மெழுகுத் தன்மை கொண்டதால் ட்வீன் அதில் ஒட்டிக்கொள்கிறது, எனவே இருமுறை கழுவியது போதாது. லிப்பிடு ஆய்வுக்கென்றே வளர்ப்பதாக இருந்தால், கடைசி வளர்ப்பையாவது ட்வீன் இல்லாத சாட்டன் ஊடகத்தில், மேற்பரப்பில் ஏடு படிய விட்டு வளர்ப்பதே நல்லது. கட்டியாக வளர்வது அளவிடுவதற்குத் தொல்லைதான். ஆனால் ட்வீன் அமுக்கிய உச்சங்களை நிறமாலையிலிருந்து மீட்க முடியாது.

மைகோலிக் அமிலங்கள் காணாமல் போகவில்லை. அவற்றின் பெரும்பகுதி சுவரிலுள்ள அராபினோகேலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டு கிடப்பதால் எந்தக் கரைப்பானும் அவற்றைப் பெயர்த்தெடுக்காது. நீங்கள் வடிகட்டி ஒதுக்கிய எச்சத்தைக் காரத்தோடு இரவு முழுவதும் சூடாக்கி, பின் அமிலமாக்கிப் பிரித்தெடுங்கள். மைகோலிக் அமிலங்களின் ஆல்ஃபா வகை 1136.16, 1164.19 என்று 28 அலகு இடைவெளியில் வரும். அந்த உச்சத்துக்குரிய அயனியைக் கருவிக்குள் தனியே பிடித்து உடைத்தால் 395.39 கிடைக்க வேண்டும். இது பக்கக் கிளையோடு பிரிந்து வரும் 26 கார்பன் கொழுப்பமிலத் துண்டு. காசநோய்க் கிருமியின் மைகோலிக் அமிலங்களில் மிகுதியாக இருப்பது அதுவே.

சல்ஃபோலிப்பிடு இல்லாததற்குக் காரணம் வேறு. ஹெச்37ஆர்ஏ வகையில் ஃபோபி என்ற கட்டுப்பாட்டு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் சல்ஃபோலிப்பிடு உருவாவதில்லை. அதைப் பார்க்க வீரியமுள்ள ஹெச்37ஆர்வி வகை வேண்டும், அதற்கு உயர்நிலைப் பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும். நீங்கள் கண்ட வெறுமை உண்மையான முடிவு. அதைக் குறித்து வையுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. கிருமி இல்லாத வெறும் ஊடகத்தையும் அதே முறையில் பிரித்தெடுத்துப் பார்த்தேன். 44 வரிசையும் 281.25 உம் அதிலும் வந்தன, 851.56 வரவில்லை. அதை உடைத்தபோது 255.23, 297.28, 241.01 ஆகிய துண்டுகள் கிடைத்தன. பால்மிட்டிக் அமிலமும் டியூபர்குலோஸ்டியரிக் அமிலமும் கொண்ட பாஸ்ஃபாடிடைல்இனோசிட்டால் (கிருமிச் சவ்வின் லிப்பிடு வகை) என்று எழுதிவிடலாமா?

மறுமொழி

வெற்று ஊடகத்தை ஓட்டிப் பார்த்தது மிகச் சரியான செயல். பலர் அதைச் செய்யாமலேயே கட்டுரை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். 241.01 இனோசிட்டால் பாஸ்பேட்டின் துண்டு, 255.23 பால்மிட்டிக் அமிலம்; ஆகவே வகையைப் பற்றி ஐயமில்லை. ஆனால் 297.28 ஐப் பொறுத்தவரை, 19 கார்பன் கொண்ட நிறைவுற்ற கொழுப்பமிலம் என்பது வரை மட்டுமே நீங்கள் சொல்ல முடியும். பத்தாவது கார்பனில் மெத்தில் கிளை உள்ள டியூபர்குலோஸ்டியரிக் அமிலத்துக்கும், கிளையே இல்லாத நோனடெக்கனோயிக் அமிலத்துக்கும் நிறை ஒன்றுதான். மெத்தில் எஸ்டராக மாற்றி வாயு நிறவரைவியலோடு இணைந்த கருவியில் பாருங்கள்: கிளையுள்ளது முந்தி வெளிவரும், கிளையின் இருபுறமும் முறிந்து 171, 199 என்ற துண்டுகளைத் தரும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இக்கிருமி ஒலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தே டியூபர்குலோஸ்டியரிக் அமிலத்தை ஆக்குகிறது. 18 கார்பன்களும் ஓர் அலகு கனமான கார்பன்-13 ஆக உள்ள ஒலியிக் அமிலத்தை ஊடகத்தில் கொடுத்தால், 297.28 உச்சத்தின் ஒரு பகுதி 315.34 க்கு நகரும். நகர்வு 19 அலகாக இராது, 18 அலகாகவே இருக்கும். ஏனெனில் மெத்தில் கார்பன் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. உங்களைத் தொல்லைப்படுத்திய 281.25 கிருமிக்கு உணவும் ஆகலாம் என்பதை இதில் நேரடியாகக் காணலாம்.

மறுமொழி

நேர் அயனி முறையில் ட்வீன் நீங்கியபின் 540.35 ஐயும் தேடிப் பாருங்கள். 1-டியூபர்குலோசினைல்அடினோசின் என்ற இந்தப் பொருளை, காசநோய்க் கிருமியின் லிப்பிடுகளையும் பிசிஜி தடுப்பூசிக் கிருமியின் லிப்பிடுகளையும் உச்சம் உச்சமாக ஒப்பிட்டே கண்டறிந்து 2014 இல் வெளியிட்டார்கள். மூலக்கூறிலேயே நேர்மின்சுமை இருப்பதால் குறைந்த அளவிலும் தெரியும். உடைத்தால் அடினினுக்குரிய 136.06 வரும். சாற்றைப் பிளாஸ்டிக் குழாயில் வைக்காமல் டெஃப்லான் உள்மூடி கொண்ட கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், ஏனெனில் குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலிருந்து இழுத்துவரும் பொருள்கள் இன்னொரு பொய் வரிசையை உண்டாக்கும். பின்னர் ஹெச்37ஆர்வி வகைக்குப் போவதாக இருந்தால், கரைப்பான் கிருமியைக் கொன்றுவிட்டது என்று நம்பி மாதிரியை வெளியே எடுக்காதீர்கள். ஒரு பங்கைத் திட ஊடகத்தில் இட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, எதுவும் முளைக்கவில்லை என்று உங்கள் முறைக்கென ஒருமுறை உறுதி செய்துகொண்ட பிறகே கருவி இருக்கும் அறைக்குக் கொண்டுசெல்லுங்கள்.