கல்லீரலுக்குள் ஓர் அத்திப்பழம்: சொல்லாராய்ச்சியில் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கல்லீரலைக் குறித்த பழைய லத்தீன் சொல் 'யேகுர்'. அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்கவைத்த வாத்தின் கல்லீரலை ரோமானியர் 'யேகுர் ஃபிகாதும்' என்றனர். 'ஃபிகுஸ்' என்றால் அத்தி. சமையற்கட்டில் பிறந்த அந்த அடைமொழியே நாளடைவில் பெயர்ச்சொல்லை விழுங்கிவிட்டு, இத்தாலியத்தில் 'ஃபேகதோ', ஸ்பானியத்தில் முதல் ஒலியை இழந்து 'ஈகதோ', பிரெஞ்சில் தேய்ந்து 'ஃபுவா', ருமேனியத்தில் 'ஃபிகாத்' என, மனிதரின் கல்லீரலுக்கும் பெயராகிவிட்டது. (ருமேனிய வடிவமே மூலத்துக்கு மிக நெருக்கமானதாக எனக்குத் தோன்றுகிறது.)

என் ஐயம் உச்சரிப்பில் அசைமீது விழும் அழுத்தத்தைப் பற்றியது. 'ஃபிகாதும்' என்பதிலும் ருமேனியத்திலும் இரண்டாம் அசையில் விழும் அழுத்தம், இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் முதலசைக்குத் தாவியது எவ்வாறு? அத்தியையே வேராகக் கொண்டு, அத்தி ஊட்டிய கல்லீரலையே குறித்த கிரேக்கச் சொல் 'சுகோத்தோன்' இதில் எவ்வளவு பங்கு வகித்தது? இதை விளக்கும் நூலோ கட்டுரையோ அறிந்தவர்கள் அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.