புதுப்பிப்பு: ஹைலக்ஸில் பெரிய டயர் போட்டாச்சு

என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் 265/65 ஆர்17 அளவு டயரைக் கழற்றிவிட்டு, அதைவிட உயரமான 265/70 ஆர்17 ஆல்-டெர்ரெய்ன் (மண், கல் பாதைக்கும் ஏற்ற) டயர் போட்டால் மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டுவிட்டேன்.

மைலேஜ் இறங்கியது உண்மைதான். ஆனால் மீட்டர் காட்டும் அளவுக்கு இல்லை. டயர் விட்டம் 776 மி.மீ.-லிருந்து 803 ஆகிறது, சுமார் 3.4% கூடுதல். மீட்டரில் 500 கி.மீ. என்றால் வண்டி ஓடியது 517. லிட்டருக்கு 11 என்று கணக்கு வந்தால் நிஜத்தில் 11.4 கிட்ட. ஜிபிஎஸ் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வேகத்துக்கும் இதே கதைதான், கேமரா இருக்கும் சாலையில் கவனம்.

மிச்ச இழப்புக்குக் காரணம் டயரின் எடையும் கரடுமுரடான பட்டனும் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்). பைபாஸில் பெரிதாகத் தெரியவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போதுதான் தெரிகிறது.

கொல்லிமலையின் 70 வளைவுகளில் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. விட்டம் கூடினால் சற்று உயர்ந்த கியரில் ஓட்டுகிற மாதிரி, இழுவை குறையும். முன்பு மூன்றாவது கியரில் இழுத்த ஏற்றத்தில் இப்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) தொங்குகிறது, இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மட்கார்டில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுக் கடையை விட்டுக் கிளம்புங்கள்.