புதுப்பிப்பு: டயாப்லோ 3, லெவல் வித்தியாசத்தோடு சேர்ந்து ஆடியது

டயாப்லோ 3 வீடியோ கேமில் 70-ஆவது லெவலில் நிற்கும் என் பார்பேரியனோடு (முரட்டுப் போர்வீரன்), புதிதாக ஆரம்பிக்கும் நண்பரின் விசார்ட் (மந்திரவாதி) சேர்ந்து ஆட முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும், தாராளமாக.

2014-இல் பிஎஸ்4 கன்சோலுக்கு வந்த அல்டிமேட் ஈவில் எடிஷன் என்ற பதிப்பில் அப்ரெண்டிஸ் மோட் என்று ஒன்று உண்டு. லெவல் குறைந்தவரின் தாக்குதல், தற்காப்பு, உயிர் மூன்றையும் கூட்டத்தில் உயர்ந்த லெவலில் இருப்பவருக்கு ஈடாக அதுவே ஏற்றிவிடுகிறது. நண்பர் வேடிக்கை பார்க்கும் ஆளாக இல்லாமல் நிஜமாகவே அடித்து நொறுக்கினார். லெவலும் மளமளவென்று ஏறியது. ஒரே குறை, இந்த வேகத்தில் புதுத் திறன்களைப் பழகிப் பார்க்க அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. நிதானமாகக் கற்க நினைப்பவர் தனியாகக் கொஞ்சம் ஆடிவிட்டு வரலாம்.

அப்புறம் திரை. நான்கு பேர் வரை ஒரே டிவியில் ஆடலாம், ஆனால் திரை பிரியாது. எல்லோரும் ஒரே சட்டகத்துக்குள்தான் நகர வேண்டும். பொக்கிஷத்தோடு தப்பி ஓடும் பொக்கிஷப் பூதம் வந்தால் ஒருவர் மட்டும் துரத்துவது நடக்காது! ஒருவர் பையைத் திறந்தால் மற்றவர்களுக்கும் ஆட்டம் நிற்கும். அதனால் டி-பேடில் (கன்ட்ரோலரின் திசைப் பொத்தான்கள்) வரும் விரைவுப் பட்டியலிலேயே, எது மேல் என்று காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பொருளை மாட்டிவிடுகிறோம். விரிவான அலசல் ஆட்டத்தில் வரும் ஊருக்குத் திரும்பிய பிறகுதான்.

கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கில் உருண்டு தப்புவது கன்சோலுக்கென்றே சேர்த்தது. சரி, அடுத்து டார்மென்ட் என்ற மிகக் கடினமான நிலையை முயலப் போகிறோம்.