பேரப்பிள்ளையோடு கிரகணம் பார்த்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

இணுவில் அம்மம்மா:
2019 டிசம்பர் 26 கங்கணக் கிரகணத்தைத்தான் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கோயில் பூட்டு, அடுப்பு மூட்டவில்லை, மாவுக்கும் ஊறுகாய்க்கும்கூட தர்ப்பை போட்டாயிற்று. தனுசில் ஆறு கிரகம் கூடுகிறது, உலகம் என்னவோ ஆகப்போகிறது என்று பக்கத்து வீட்டில் ஒரு கிழமையாக இதே கதை. மகள் குடும்பம் நத்தார் விடுமுறைக்கு வந்து நின்றது, பேரனுக்கு ஏழு வயது, மருமகன் கொழும்பிலிருந்து கிரகணக் கண்ணாடி கொண்டு வந்திருந்தார். ஒன்பதரை தாண்டி வளையம் வந்தது. வெயில் இருக்கிறது, ஆனால் சூடு இல்லை, முற்றத்து மணல் ஒரு ஈய நிறத்தில் கிடந்தது. எல்லோரும் ஆவென்று பார்த்துக்கொண்டு நிற்க இவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து, "அம்மம்மா, இண்டைக்கு அமாவாசை எண்டுதானே விரதம் பிடிக்கிறீங்கள்? அமாவாசையில நிலவு இல்லை எண்டு சொன்னீங்கள். இல்லாத நிலவு எப்பிடி வந்து மறைக்கும்?" என்கிறான்.

நான் ஐயாவுக்காக எத்தனை வருடமாக அமாவாசை பிடிக்கிறேன், காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். ஒருநாளும் இப்படி யோசித்தது கிடையாது. மருமகன் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் வளையம் அறுந்து மறுபடி பிறையாகிவிட்டது, பிள்ளையும் ஓடிவிட்டான். இப்போது அவன் வளர்ந்துவிட்டான், அந்தக் கேள்வி ஞாபகமே இல்லையாம். எனக்குத்தான் ஒவ்வொரு அமாவாசையும் வருகிறது.

வடமராட்சி வாத்தியார்:
அம்மா, பொடியன் கேட்டது மிகச் சரியான கேள்வி. அமாவாசையன்று நிலவு இல்லாமல் போவதில்லை, சூரியன் நிற்கும் பக்கத்திலேயே நிற்கிறது. அதன் வெளிச்சமான முகம் சூரியனைப் பார்த்திருக்கும், இருட்டுமுகம் நம் பக்கம். சூரியனோடு சேர்ந்து உதித்துச் சேர்ந்தே மறைகிறது, அதனால்தான் காண முடிவதில்லை. அப்படியென்றால் மாதா மாதம் கிரகணம் வரவேண்டுமே என்று அடுத்ததாகக் கேட்பான், கேட்டால் சொல்லுங்கள்: நிலவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சரிந்திருக்கிறது, அநேகமான அமாவாசைகளில் சூரியனுக்குக் கொஞ்சம் மேலாலோ கீழாலோ தப்பிப் போய்விடும். அடுத்தது, வளையம் ஏன்? சூரியன் நிலவைவிட 400 மடங்கு அகலம், கிட்டத்தட்ட 400 மடங்கு தூரம், அதனால் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவு கொஞ்சம் தள்ளி நிற்கும் நாளில் முழுதாக மூடப் போதாது, ஓரம் மிஞ்சும். 2010 ஜனவரி 15 கிரகணத்தில் நிலவு தன் தூரப்புள்ளிக்குக் கிட்ட, பூமியோ சூரியனுக்குக் கிட்ட. அதனால்தான் வளையம் அவ்வளவு நேரம் நின்றது. இந்து சமுத்திரத்தில் அது அதிகபட்சமாக 11 நிமிடம் 8 விநாடி. அதைவிட நீண்ட கங்கணக் கிரகணம் 3043 வரைக்கும் இல்லை.

என் அனுபவம் என்று சொல்ல அதிகம் இல்லை. பேத்தி கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று அழுதாள்.

கிளிநொச்சி திரும்பியவர்:
வாத்தியார் 2010 என்றதும் எழுதவேண்டும் போல இருந்தது. 2009 கடைசியில் முகாமிலிருந்து விட்டார்கள், ஊருக்குப் போக ஏலாது, மனுசியின் சொந்தக்காரர் கொக்குவிலில் தங்கள் வளவுக்குள் இடம் தந்தார்கள். தறப்பாளும் பழைய தகரமும் போட்ட கொட்டில். தகரம் எங்கேயோ ஷெல் சன்னம் பட்டது, ஓட்டை ஓட்டையாக இருக்கும். பொங்கலுக்கு அடுத்த நாள், தை அமாவாசை, மத்தியானப் படையலைக் கிரகணம் விட்ட பிறகுதான் வைக்கலாம் என்று மனுசி ஒற்றைக்காலில் நின்றாள். படைக்கவேண்டிய ஆட்களும் அந்த வருடம் கூடத்தானே. பேத்திக்கு ஐந்து வயது, பசி, வெளியே போகவும் விடவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு பார்க்கிறேன், வழக்கமாக நிலத்தில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சம் எல்லாம் கடிபட்ட மாதிரி இருக்கிறது. நேரம் போகப் போகப் பிறை. ஒரு மணி தாண்டி அத்தனை ஓட்டைக்கும் கீழே ஒவ்வொரு வளையம், சாணி மெழுகிய தரை முழுக்க, பாயின் மேல், குடத்தின் மேல், மனுசியின் முதுகில்கூட இரண்டு. பிள்ளை அழுகையை விட்டுவிட்டு ஒரு வளையத்துக்குக் கீழே கையை நீட்டினாள், மணிக்கட்டில் காப்புப் போட்டது போல விழுந்தது. மற்றக் கையையும் நீட்டினாள். பிறகு என்னையும் நீட்டச் சொன்னாள். வாத்தியார் சொல்கிற மாதிரி நல்ல நேரம் நின்றது, எங்களுக்குப் பத்து நிமிடம் வரும். அவளுடைய காப்பு இரண்டையும் மனுசி வரும் வழியில் அரிசிக்குக் கொடுத்திருந்தாள். அதை யாரும் அந்த நேரம் பேசவில்லை. மூன்று மணி தாண்டித்தான் சோறு.

ஓய்வுபெற்ற தாதி:
தகரத்து ஓட்டையால் பார்த்தீர்கள், அதுதான் பாதுகாப்பு, தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். எக்ஸ்ரே படம் வேண்டாம். சிடி வேண்டாம். புகை பிடித்த கண்ணாடி வேண்டவே வேண்டாம். சட்டியில் மஞ்சள் தண்ணீர் விட்டு அதற்குள் பார்க்கிறது பழங்காலத்து வழி என்பார்கள், தெறிக்கிற சூரியனும் சூரியன்தான். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் இலக்கம், கடையில் இருக்கிற ஏதோ ஒன்றை எடுத்து வராதீர்கள். கிரகணக் கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்று இருக்கவேண்டும், இருந்தாலும் கீறல் பட்டிருந்தால் எறியுங்கள். விழித்திரையில் நோவு தெரியாது, அதுதான் ஆபத்து. பிள்ளை "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று சிரித்துக்கொண்டே பார்க்கும், சில மணித்தியாலம் கழித்து அல்லது மறுநாள் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி என்று சொல்லும். சின்னப் பிள்ளைகளின் கண்வில்லை எங்களுடையதைவிடத் தெளிவு, வெளிச்சம் கூட உள்ளே போகும். கங்கணக் கிரகணத்தில் வளையம் நிற்கும்போதுகூட வெறுங்கண்ணால் பார்க்க ஒரு விநாடியும் கிடையாது. வாத்தியார் இவ்வளவு எழுதினீர்கள், இதை ஏன் எழுதவில்லை?

நான் பார்த்தது 2022 ஒக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள். பண்ணைப் பாலத்தடியில் பேரனோடு. சூரியன் மறைகிற நேரம் ஒரு இருபது நிமிடம்தான், ஓரத்தில் ஒரு துளி கடி. "இதுக்கா வந்தனாங்கள்" என்றான். கச்சான் வாங்கிக் கொடுத்தேன்.

சுன்னாகம் சிவம்:
எல்லாம் சரி, கிரகண நேரத்தில் தட்டத்துத் தண்ணீரில் உலக்கை நிற்கிறதே, அதற்கு விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 2019இல் எங்கள் வீட்டில் நின்றது, பேரன் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

வடமராட்சி வாத்தியார்:
பூண் போட்ட உலக்கை, அடி தட்டை, மட்டமான தரை. நேற்றும் நிறுத்திப் பார்த்தேன், நின்றது. என்ன கிரகணம் நேற்று?

மருதங்கேணி தாத்தா:
உலக்கைச் சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்க. அந்த 2019 கிரகண நாள் எங்களுக்கு வேறு நாள். சுனாமி வந்து 15 வருடம். வழக்கம் போல விடியவே உடுத்துறை நினைவிடத்துக்குப் போயாயிற்று, பேரனையும் கூட்டிக்கொண்டு. அவனுடைய பெரியம்மா அங்கேதான். 9.25க்குச் சனம் முழுக்கத் தலை குனிந்து மௌனம். அந்த நேரம் சூரியன் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. குனிந்திருந்த எல்லோருக்கும் தெரியும், மணல் மங்கி வருகிறது, நிழல்களின் விளிம்பு கத்தியால் வெட்டினது போல் ஆகிறது. ஒருவர்கூட நிமிரவில்லை. பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, ஆர் லைட்டைக் குறைக்கினம்?" என்று காதுக்குள் கேட்டான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தவர், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காக அழுதார். வளையம் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை, கண்ணாடியும் இல்லை. விளக்கு ஏற்ற வரிசையில் நின்றோம்.

நல்லூரான் பேரன்:
நான் தாத்தா இல்லை, பேரன் பக்கத்து ஆள். தாதி அக்கா ஏசக்கூடாது, எங்கள் அப்பப்பா புகை பிடித்த கண்ணாடிதான் செய்து தந்தார். 1995 ஒக்டோபர் 24. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுடருக்கு மேல் பிடித்து, திருப்பித் திருப்பி, கரி ஒரே சீராகப் படியும்வரை அவசரமில்லாமல் செய்தார். வலிகாமத்தில் சண்டை தொடங்கிவிட்டது, ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அம்மா உள்ளே வாங்கோ என்று கத்துகிறார், அவர் கரியைப் பார்க்கிறார். "ஒருக்கால் பாத்திட்டு வாறம்" என்றார். பார்த்தோம், சிவப்பாக ஒரு பிறை. என் மூக்கு நுனியெல்லாம் கரி. ஒரு கிழமை போகவில்லை, 30ஆம் திகதி இரவு ஊரே செம்மணிப் பக்கம் நடந்தது, மழை. அப்பப்பா சாவகச்சேரியோடு சரி, திரும்பி வரவில்லை. சைக்கிளில் எதை ஏற்றுவது என்று வீடே அடிபட்டபோது அவர் அந்தக் கண்ணாடித் துண்டைப் பேப்பரில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்ததைக் கண்டேன். அடுத்த கிரகணத்துக்கு என்று நினைத்தாரோ என்னவோ. இதைத்தான் யாரிடமும் கேட்க முடியாமல் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி:
ஏசவில்லை தம்பி. ஆனால் அந்த முறையை உங்கள் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்காதீர்கள்.

ஸ்காபரோ–சாவகச்சேரி:
நீங்கள் எல்லோரும் வளையத்தையே பெரிதாகப் பேசுகிறீர்கள், முழுக் கிரகணத்துக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. 2024 ஏப்ரல் 8, மகன் நயாகராவுக்குக் கூட்டிப் போனான், பள்ளிக்கூடமும் லீவு. வானம் முழுக்க முகில், நான் வீட்டுக்குப் போவோம் என்றேன். 3.18க்கு மேற்கிலிருந்து இருட்டு ஓடி வந்தது பாருங்கள், முகிலுக்குள்ளாலேயே, திடீரென்று இரவு, தெருவிளக்கு எரிந்தது, குளிர் பிடித்தது. சனம் கூக்குரல் போடுகிறது. எனக்கு அந்தச் சத்தமும் இருட்டும் சேர்ந்தால் உடம்பு தானாக நிலத்தைத் தேடும், ஏன் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. ஆறு வயதுப் பேத்தி என் கையைப் பிடித்து, அரைகுறைத் தமிழில், "அப்பப்பா, இது மூண்டு நிமிசம்தான், நான் எண்ணுறன்" என்று எண்ணத் தொடங்கினாள்.

கிளிநொச்சி திரும்பியவர்:
ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள் அண்ணை. அவரவர் தரையில் விழுந்ததுதான் அவரவருக்கு.

இணுவில் அம்மம்மா:
வாத்தியாருக்கு நன்றி, அச்சடித்து வைத்துவிட்டேன். அடுத்தது எப்போது என்று மட்டும் சொல்லுங்கள்.

வடமராட்சி வாத்தியார்:
2027 ஓகஸ்ட் 2 பின்னேரம் பகுதிக் கிரகணம், மேற்கு வெளியாக இருக்கும் இடமாகப் பாருங்கள், கசூரினாப் பக்கம் நல்லது. 2031 மே 21 மறுபடி கங்கணம், தென்னிந்தியா கடந்து எங்கள் வடக்குக்கு மேலால்.

சுன்னாகம் சிவம்:
உலக்கை நான் கொண்டு வருகிறேன்.